ஆறடி ஆறரை அங்குலம்

ஆமோஸ் டகிளின் உயரம் முதன்முதலாக அச்சில் வந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. டன்லீ உயர்நிலைப் பள்ளியின் வெள்ளிக்கிழமை ஆட்டங்களுக்கு வாசலில் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் அவன் பெயருக்கு நேரே ஆறடி ஏழு அங்குலம் என்று போட்டிருந்தது. அவனைப் பெற்ற வெர்னெட்டா அதை மறுபடியும் படித்துப் பார்த்தாள். புதுக் கால்சட்டை வாங்குவதற்காக அன்று காலைதான் அவனைச் சுவரோடு நிறுத்தி அளந்திருந்தாள். ஆறடி ஐந்து. காலையில் ஐந்தாக இருந்த பிள்ளை மாலைக்குள் ஏழாக வளர வேண்டுமானால் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில்தான் ஏதோ கோளாறு.

ஆட்டம் முடிந்ததும் நேரே பயிற்சியாளர் ஸ்டக்கியிடம் போனாள். ஸ்டக்கி பகலில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் டன்லீ கூடைப்பந்து அணிக்கு எல்லாமும் அவர்தான்.

"கோச், இதுல ஏழுன்னு போட்டிருக்கு. என் பையன் அஞ்சுதான்."

"தெரியும் வெர்னெட்டா. போட்டதே நாந்தான்."

"எதுக்கு?"

"எல்லா ஸ்கூல்லயும் ரெண்டு சேத்துத்தான் போடுவாங்க. நாம உள்ளபடி அஞ்சுன்னு போட்டோம்னு வையுங்க, படிக்கிறவன் வழக்கம்போல ரெண்டைக் கழிச்சுட்டு, இவன் மூணுதான்னு நெனைப்பான். ஏழுன்னு போட்டாத்தான் அஞ்சுன்னு எடுத்துக்குவான்."

"அப்ப எல்லாருமே உள்ளதைப் போட்டுட்டா என்ன?"

ஸ்டக்கி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மொதல்ல யாரு போடுறது?"

வெர்னெட்டாவுக்குத் தலை சுற்றியது. இண்டியானா மாநிலம் முழுக்க இதுதான் நடைமுறை என்று பிறகு தெரிந்துகொண்டாள். எல்லாரும் கூட்டிப் போடுவார்கள், எல்லாரும் கழித்துப் படிப்பார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஒருவர்கூட உண்மையைச் சொல்லவும் முடியாது. இத்தனை பெரிய மனிதர்கள் ஒன்றுகூடி இப்படி ஒரு மடத்தனத்தைக் கட்டிக் காப்பாற்றுவதை அவள் தன் தேவாலயத்து நிர்வாகக் குழுவில்கூடப் பார்த்ததில்லை.

கழித்துப் படிக்கத் தெரியாத ஒரே ஆள் ஆமோஸ். பதினாறு வயதுப் பையனிடம் நீ ஆறடி ஏழு என்று அச்சடித்துக் கொடுத்தால் அவன் எதற்குக் கழிக்கப் போகிறான்?

பொய்யோடு போயிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பொய்க்கு ஏற்ற வேலையைப் பையன் தலையில் கட்டியதுதான் வினை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஆமோஸுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு போவதில்தான் ஆசை. ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே மறுபக்கம் நிற்பவன் கையில் பந்தைச் சேர்ப்பான். வாங்கியவனுக்கே பந்து எப்படி வந்தது என்று தெரியாது. கூடை போடுவதைவிடப் போட வைப்பதில்தான் அவன் முகம் மலரும். ஆனால் தாளில் ஆறடி ஏழு என்று இருப்பவன் பந்தைத் தட்டிக்கொண்டு திரியலாமா? ஸ்டக்கி அவனைக் கொண்டுபோய்க் கூடைக்குக் கீழே நிறுத்தினார். கூடைக்கு முதுகைக் காட்டு, இடிக்கிறவனைத் திருப்பி இடி, பந்து வந்தால் தலைக்கு மேலே பிடித்துக்கொள், தரையில் மட்டும் தட்டாதே. இவ்வளவுதான் பாடம்.

"தட்டாதடா, தட்டாதடா" என்று ஸ்டக்கி கத்தும்போதெல்லாம் பார்வையாளர் வரிசையிலிருந்து வெர்னெட்டா, "தட்டட்டுமே, பந்தை எதுக்குக் குடுத்திருக்கு?" என்று கத்துவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் தம்பி ஓடெல் வெட்கத்தில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொள்வான்.

ஓடெலுக்கு டயர் கடை. கல்யாணம் இல்லை, காட்சி இல்லை. மருமகன் வளர ஆரம்பித்ததும் டயரை ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டு இவன் மருமகனைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டான். யாராவது ஆமோஸ் எவ்வளவு உயரம் என்று கேட்டால், தாளில் உள்ளதோடு தன் பங்குக்கு ஓர் அங்குலம் சேர்த்துத்தான் சொல்வான்.

"ஏண்டா இப்படிப் புளுகுற?"

"அக்கா, தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்ன? கோச்சே ரெண்டு போட்டுட்டாரு. நான் ஒண்ணு போட்டாக் கொறைஞ்சா போகும்?"

கூடவில்லை, குறையவில்லை, பையனின் முன்பல் ஒன்று போயிற்று. அடுத்த வருடம் மூக்கு. ஆமோஸ் ஆடியது மோசமில்லை. உண்மையில் நன்றாகவே ஆடினான், அதுதான் தொல்லை. டன்லீ மாநிலப் போட்டியின் அரையிறுதிவரை போயிற்று. கல்லூரிக்காரர்கள் படையெடுத்து வந்தார்கள். தெற்கே ஒரு பெரிய கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்த கையோடு தங்கள் புத்தகத்தில் ஆறடி ஒன்பது என்று போட்டது. அதற்குள் அவன் நிஜமாக வளர்ந்தது ஒன்றரை அங்குலம். அதோடு நின்றும் போனான்.

"பையன் வளரலை, அவன் பேப்பர்தான் வளருது" என்று தன் முடியலங்காரக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் வெர்னெட்டா புலம்பினாள். அவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் எதிரே நிற்பவர்களில் சிலர் கழித்த பிறகும் ஆறடி பத்து. மலையோடு மோதுகிற ஆட்டுக்குட்டி மாதிரி வாரம் இரண்டு நாள் இவன் அவர்களோடு மோதினான். விடுமுறைக்கு வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மேசையைப் பிடித்துக்கொண்டான். இருபத்தொரு வயதுப் பிள்ளை.

மூன்றாம் வருட முடிவில், சம்பளத்துக்கு ஆடும் பெரிய லீக்கில் இடம் வாங்கித் தர அவன் ஒரு ஏஜென்டைப் பிடித்தான். பிரென்ட் லாசன் என்ற அந்த ஆள் பல் தெரியச் சிரித்துக்கொண்டே ஆறடி பத்து என்று நாலு பக்கமும் சொல்லி வைத்தான். அன்று இரவுச் சாப்பாட்டில் வெர்னெட்டாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஆமோஸ், நீ ஆறடி ஆறரை. சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும். அந்தாளுகிட்ட நெஜத்தச் சொல்லி, பந்தைக் கொண்டு போற ஆளா ஆடுறேன்னு கேளு. உனக்கு வர்றது அதுதான்."

ஆமோஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "உலகத்துல எல்லாரும் என்னை ஒசரம்ங்குறாங்க. பெத்தவ நீ ஒருத்திதான் குள்ளன்னு சொல்லிட்டே இருக்க."

"குள்ளன்னு எப்படா சொன்னேன்? ஆறடி ஆறரை எந்த ஊர்லடா குள்ளம்?"

"நான் நிக்கிற எடத்துல குள்ளம்தாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். வெர்னெட்டாவுக்கு அழுகையும் வந்தது, அறையலாம் போலவும் இருந்தது. நிற்கிற இடத்தை மாற்று என்றுதானே இவ்வளவு நாளும் தொண்டை வற்றக் கத்தினாள்?

பெரிய லீக்கில் ஆள் எடுக்கும் முன் சிகாகோவுக்கு வரவழைத்து எல்லாரையும் அளப்பார்கள். செருப்பில்லாமல், வெறுங்காலோடு. இந்தச் செய்தி வந்ததும் ஓடெலுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. எங்கேயோ படித்திருக்கிறான்: மனிதன் படுத்திருக்கும்போது முதுகெலும்பு நீள்கிறதாம், நின்றால் உட்கார்ந்தால் சுருங்குகிறதாம், காலையில் எழுந்தவுடன் அளந்தால் முக்கால் அங்குலம் கூடவாம்.

அப்படித்தான் ஆமோஸ் டகிள் டன்லீயிலிருந்து சிகாகோவரை டயர் கடை வண்டியின் பின்பக்கம் மெத்தை போட்டு மல்லாக்கப் படுத்தபடி போனான். கால்கள் முன்னிருக்கைகளுக்கு நடுவே நீண்டிருந்தன. வண்டி ஓட்டிய வெர்னெட்டா கியர் மாற்றும்போதெல்லாம் மகனின் கட்டைவிரல் இடித்தது.

"ஓடெல், இவனை ஒக்கார வைடா. பாத்தா ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருக்கு."

"அக்கா, ஒக்காந்தா எல்லாம் போச்சு. நீ ரோட்டைப் பாரு. பள்ளத்துல விடாத. குலுங்குனாலும் சுருங்குமாம்."

"ஆமோஸ், நீயாவது சொல்லேன்."

"பள்ளத்துல விடாதம்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பாதி வழியில் சாப்பிட நிறுத்தினார்கள். ரொட்டிக்கு வெளியே நாலு பக்கமும் தொங்கும் பன்றிக்கறி வறுவலை ஓடெல் பிய்த்துப் பிய்த்து மருமகன் வாயில் ஊட்டினான். படுத்தபடி விழுங்கிப் புரையேறி, ஆமோஸ் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஓடெல் அவன் நெஞ்சில் கை வைத்துத் திரும்பக் கீழே அழுத்தினான். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கிழவர் நின்று பார்த்துவிட்டு, போலீஸைக் கூப்பிடவா என்று வெர்னெட்டாவைக் கேட்டார். கூப்பிடுங்கள் என்று சொல்லலாமா என ஒரு கணம் அவள் யோசித்தது நிஜம்.

மறுநாள் காலை அளந்தார்கள். கலைந்து நின்ற முடியை ஒரு பலகை வந்து அழுத்தியது. ஆறடி ஆறரை.

மதியத்துக்குள் அது ஊர் ஊராகப் பரவிவிட்டது. லாசனின் தொலைபேசி அன்றிலிருந்து எடுக்கப்படவில்லை. ஆள் எடுக்கும் நாளன்று டன்லீ தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் ஊரே கூடியது. ஆறடி பத்து என்று எழுதிய துணிப் பதாகையைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. தொலைக்காட்சியில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். கடைசிப் பெயரும் வாசித்தாயிற்று. ஆமோஸ் எழுந்து, மீதமிருந்த கேக்கை மூடி வைத்துவிட்டு, தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் ஓடெல், எல்லாருக்கும் கேட்கும்படி. "லஃபாயெட் ஊரைத் தாண்டி அக்கா ஒரு பள்ளத்துல விட்டா பாருங்க. அங்க போச்சு முக்கால் அங்குலம்."

ஸ்டக்கி தலையை ஆட்டினார். ஊரும் ஆட்டியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்களுக்கு ரோடு கோணல், ரோட்டில் ஓட்டியவள் கோணல். வெர்னெட்டா கையிலிருந்த காகிதத் தட்டை மேசையில் வைத்தாள்.

"ஆறு வருஷமா நீங்கள்லாம் சேந்து ஏத்துன அங்குலம் இது. என் பையன் மேல ஏத்துனீங்க. அவன் முதுகுதான் அதைச் சொமந்துச்சு. இன்னொருத்தர் இனிமே அவன் ஒசரத்தப் பேசுனா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றாள்.  

கோடை முழுவதும் ஆமோஸ் டயர் கடையில் டயர் மாற்றினான். இலையுதிரும் பருவத்தில் வடக்கே ஒரு நகரத்து அணி, பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே ஆடுவது, யார் வேண்டுமானாலும் வந்து ஆடிக் காட்டலாம் என்று அறிவித்தது. அவனை உட்கார வைத்தே கூட்டிப் போனாள் வெர்னெட்டா. ஓடெலைப் பின்னால் படுக்கச் சொன்னாள்.

அரங்கில் பயிற்சியாளர் விசிலை ஊதி, "பந்து கொண்டு வர்றவங்க இந்தக் கோடி. கூடைக்குக் கீழ நிக்கிறவங்க அந்தக் கோடி. யாரு யாருன்னு உங்களுக்கே தெரியும், போங்க" என்றார். நடுவில் நின்ற ஆமோஸ் பழக்கதோஷத்தில் அந்தக் கோடிக்கு நடந்தான். அங்கே போய் நின்றதும், பக்கத்தில் நின்றவர்களின் மோவாய்தான் அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. முதல் மோதலிலேயே விழுந்தான். எழுந்தான், மறுபடி விழுந்தான். வெர்னெட்டா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த முறை கத்துவதில்லை என்று தேவாலயத்தில் சத்தியம் செய்திருந்தாள்.

தண்ணீர் குடிக்க விட்டபோது ஆமோஸ் அவள் உட்கார்ந்திருந்த வரிசையருகே வந்தான். உதட்டில் ரத்தம்.

"அம்மா, இன்னும் அஞ்சு நிமிஷத்துல என்னை அனுப்பிருவாங்க."

"ம்."

"ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"சொன்னா நீ கேட்டு எந்தக் காலம்டா? எனக்குத் தொண்டை வத்திப் போச்சு. உனக்கு எங்க நிக்கணுமோ அங்க போய் நில்லு. அந்தக் கோடியில விழுந்து வீட்டுக்கு வர்றதுக்குப் பதிலா இந்தக் கோடியில விழுந்து வா, நான் சந்தோஷமா சோறு போடுறேன்."

அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். பிறகு அரங்கின் முழு நீளமும் நடந்து மறுகோடிக்குப் போனான். அங்கே இருந்தவர்கள் எல்லாம் ஆறடி, ஆறடி ஒன்று. இவன் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்கள். பயிற்சியாளர், "தம்பி, நீ வழி தவறி வந்துட்ட" என்றார்.

"இல்ல சார். இப்பத்தான் வழி தெரிஞ்சுது. ஒரு தடவ பந்தைக் குடுங்க" என்றான் ஆமோஸ்.

கொடுத்தார்கள். ஆறு வருடமாகத் தட்டாதே தட்டாதே என்று திட்டு வாங்கிய கை முதலில் தடுமாறியது, பந்து காலில் பட்டு ஓடியது. நாலைந்து பேர் சிரித்தார்கள். இரண்டாவது முறை அவன் பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினான். எதிரே கைகளை விரித்து மறித்தவனின் உச்சந்தலைக்கு மேலாக அவனுக்கு முழு ஆட்டமும் தெரிந்தது. இடது பக்கம் பார்த்தான், பந்து வலது மூலைக்குப் போயிற்று. அங்கே நின்றவன் திகைத்துப்போய்க் கூடையில் போட்டான். அந்தக் கோடியில் குள்ளனாக இருந்தவன் இந்தக் கோடியில் பூதம். வெர்னெட்டா சத்தியத்தை மறந்து, "தட்டுடா, தட்டுடா" என்று கத்தினாள். அழுதுகொண்டே கத்தினாள்.

அந்த அணியில் ஒன்றரைப் பருவம் ஆடினான். பேருந்துப் பயணம், மலிவு விடுதி, தொண்ணூறு பேர் உட்கார்ந்து பார்க்கும் ஆட்டம். முதுகுவலி போயிற்று. தொலைபேசியில் பேசும்போது சிரித்தான். இரண்டாம் வருடம் பிப்ரவரியில் கிழக்குக் கடலோரத்துப் பெரிய லீக் அணி ஒன்று அவனைப் பத்து நாள் ஒப்பந்தத்தில் கூப்பிட்டது. அந்தப் பத்து நாளில் பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் திரும்பப் பேருந்துதான்.

வெர்னெட்டாவும் ஓடெலும் விமானத்தில் போய் இறங்கினார்கள். அரங்கின் பெரிய திரையில் ஆமோஸின் முகம் வந்தது. கீழே: ஆறடி ஐந்து.

"அக்கா, பையன் சுருங்கிட்டான்" என்றான் ஓடெல்.

வெர்னெட்டா கம்பி ஓரத்துக்கு இறங்கிப் போய் மகனைக் கைதட்டிக் கூப்பிட்டாள். "யாருடா இதைப் போட்டது? ஒண்ணரை அங்குலம் எங்க?"

"நாந்தாம்மா அப்படிச் சொன்னேன். ஆறரைன்னா கூடைக்குக் கீழ போய் நில்லுன்னுருவாங்க. கொறச்சுச் சொன்னா விட்டுருவாங்க."

"கடவுளே, ஏத்துறதுக்கு ஒரு கூட்டம், எறக்குறதுக்கு நீயா? உள்ளது உள்ளபடி இருக்கவே மாட்டீங்களாடா?"

"திரும்பக் கீழ நின்னுதான் இங்க இருக்கணும்னா, நான் பந்தோட பஸ்ஸுக்கே போயிருவேம்மா" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

கடைசிப் பகுதியில் ஏழு நிமிடம் இறக்கினார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான், நாலு பேரைக் கூடை போட வைத்தான், இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தான். அதே ஆட்டத்தில் அந்த அணியின் நெட்டையன் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆட்டம் முடிந்து குடும்பத்தார் காத்திருக்கும் நடையில் துணைப் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். களைத்த முகம், மரியாதையான பேச்சு.

"ஆமோஸோட அம்மாதானே? ஒண்ணு கேக்கணும். அவன் சொன்னத வெச்சு நாங்க அஞ்சுன்னு போட்டிருக்கோம், அளந்து பாக்க நேரமில்ல. பழைய சிகாகோ கணக்குல ஆறரைன்னு இருக்கு. எது சரி? ஆறரைன்னா நல்லது. எங்களுக்குக் கீழ நிக்க ஒரு ஆள் அவசரமா வேணும். காலேஜ்ல அவன் அதத்தான ஆடுனான்? இந்தப் பருவம் முழுக்க வெச்சுக்கலாம். அஞ்சுன்னா, பந்து கொண்டு வர எங்ககிட்ட ஏற்கெனவே நாலு பேரு இருக்காங்க. உத்தரவாதம் சொல்ல முடியாது."

ஓடெல் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். அவன் கண்ணெல்லாம் ஆறரை, ஆறரை என்று இருந்தது. இந்த ஒரு கேள்வியை யாராவது நியாயமாகக் கேட்க மாட்டார்களா என்று வெர்னெட்டா எத்தனை வருடம் காத்திருந்தாள். வாசல் தாள், கல்லூரிப் புத்தகம், லாசன், பதாகை, எல்லாரோடும் சண்டை போட்டது இந்த ஆறரைக்காகத்தான். இன்று கேட்கிறார்கள். இன்று சொன்னால் பையனுக்கு வேலை உண்டு, முதுகு கிடையாது.

"அஞ்சுதான் சார்" என்றாள். "சிகாகோவுல தப்பா அளந்துட்டாங்க."

"நிச்சயமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

அவர் வருத்தத்தோடு தலையசைத்துவிட்டுப் போனார். ஓடெல் கையை விட்டான். 

ஆமோஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடையின் கோடியிலிருந்து வந்தான். "அவரு என்னம்மா கேட்டாரு?"

"உன் ஒசரத்தக் கேட்டாரு."

அவன் நின்றுவிட்டான். "என்ன சொன்ன?"

"நீ போட்டதத்தான் சொன்னேன். இனி உன்னை வெச்சுக்குவாங்களோ, பஸ்ஸேத்துவாங்களோ தெரியாது. பாவி, என்னையும் பொய் சொல்ல வெச்சுட்டல்ல" என்றாள் வெர்னெட்டா. கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் குனிந்து அவள் தோளில் முகத்தை வைத்தபோது தள்ளிவிடவில்லை.